சதுரங்க அரிசிக் கணக்கில் யாரும் சொல்லாத பாதி

குடும்ப வாட்ஸப் குரூப்ல அந்த ஃபார்வர்டு மறுபடியும் வந்துச்சு. ராஜா, சதுரங்கம், ஒரு ஞானி. முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு... கடைசியில ராஜா தலைகுனிஞ்சு நிக்கறார். கீழே வரிசையா கைகூப்பின எமோஜி.

கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எரிச்சல் வந்தது கடைசி வரியைப் பார்த்துதான். "மொத்தம் 1.8 × 10¹⁹. மனிதனால் எண்ண முடியாத எண்!"

எண்ண முடியாத எண்ணா? எண்ணிப் பார்த்துத்தானேங்க அந்த ராஜா தோத்துப்போனார்!

அது பொத்தாம்பொதுவா "ரொம்பப் பெருசு" இல்ல. துல்லியமான ஒரு முழு எண். இதோ:

18446744073709551615

நம்ம ஊர் வழக்கப்படி காற்புள்ளி வச்சா 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூத்தி அறுபத்தேழு கோடி கோடியே, நாப்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூத்தி எழுபது கோடியே, தொண்ணூத்தஞ்சு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூத்துப் பதினஞ்சு.

(மூச்சு விட்டுக்கோங்க.)

20 இலக்கம். 2-ஐ 64 தடவை பெருக்கி, அதுல ஒண்ணு கழிச்சா இது வரும். 2⁶⁴ − 1. இந்த எண்ணைப் பத்தி எல்லாரும் அதோட அளவை மட்டுமே பேசறாங்க. ஆனா இதுல இருக்கிற விஷயங்கள்லயே ரொம்பச் சாதாரணமானது அந்த அளவுதான்னு எனக்குத் தோணுது. உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்த்தவங்களுக்குத்தான் இதோட அழகு தெரியும். இன்னிக்கு அதைத்தான் பேசப்போறேன்.

சரி, அளவையும் ஒரு தடவை சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஒரு கிராமுக்கு 50 அரிசின்னு வச்சுக்கிட்டா, இது கிட்டத்தட்ட 36,900 கோடி டன். உலகம் முழுக்க இப்போ ஒரு வருஷத்துல விளையற அரிசி 50 கோடி டன் சொச்சம். அப்படின்னா ஏறக்குறைய எழுநூறு வருஷ விளைச்சல். அவ்வளவுதான், அளவு முடிஞ்சது.

(கேரளாவுல அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால் பாயசத்துக்கும் இதே கதையைத்தான் சொல்லுவாங்க. கிருஷ்ணரே ஒரு முனிவர் வேஷத்துல வந்து ராஜாவோட ஆடி ஜெயிச்சாராம். அந்த அரிசிக் கடனைத்தான் தினமும் பாயசமா அடைச்சிட்டு இருக்காங்களாம். இந்தக் கணக்குக்குக் கிடைச்சதுலயே ருசியான முடிவு இதுதான்.)

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன்.

போன்ல இருக்கிற கால்குலேட்டர்ல இந்தக் கணக்கைப் போட்டேன். 1.844674407E19ன்னு காட்டுச்சு. சரி, திரை சின்னது, இடமில்லன்னு லேப்டாப்ல ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து போட்டேன். 18446744073709600000. கடைசி அஞ்சு இலக்கமும் பூஜ்யம்!

காரணம் இருக்கு. பெரும்பாலான ஸ்ப்ரெட்ஷீட்டுங்க 15 இலக்கத்துக்கு மேல காட்டாது. உள்ளுக்குள்ள எண்ணைச் சேமிச்சு வைக்கிற முறையிலயும் ஒரு எல்லை இருக்கு. 2⁵³, அதாவது 9007199254740992, இதைத் தாண்டிட்டா ஒற்றைப்படை எண் எதையும் அதால அப்படியே வச்சுக்க முடியாது. 2⁶⁴-ல இருந்து 1 கழிச்சாலும் அது திரும்ப 2⁶⁴-னுதான் வச்சுக்கும். அந்த ஒண்ணை முழுங்கிடும்.

"ஒரே ஒரு அரிசிதானே, போகட்டும்"னு தோணும். விடக்கூடாதுங்க! 2⁶⁴-ஐ எடுத்துப் பாருங்க. அதுக்குள்ள ரெண்டு, ரெண்டு, ரெண்டு... அறுபத்து நாலு ரெண்டைத் தவிர வேற ஒண்ணுமே கிடையாது. அதுல ஒரே ஒண்ணைக் கழிங்க. ஏழு வெவ்வேற பகா எண்கள் வெளியே வரும். அதுக்குள்ள முந்நூறு நானூறு வருஷ கணித வரலாறே இருக்கு. அந்த ஒரு அரிசியிலதான் எல்லாமே இருக்கு.

(முழு எண்ணையும் பார்க்கணும்னா பைத்தான்ல 2**64-1ன்னு அடிங்க. ஒரு இலக்கம் விடாம காட்டும். இல்லன்னா பேப்பர் பேனா.)

நான் பேப்பர் பேனாதான். 64 தடவை இரட்டிச்சுட்டு உக்கார வேண்டாம். வர்ற விடையை அதே விடையால பெருக்கிட்டே போனா ஆறே பெருக்கல்: 2, 4, 16, 256, 65536, 4294967296, 18446744073709551616. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அல்-பிரூனிங்கற அறிஞர் இந்தச் சதுரங்கக் கணக்கை எழுதினப்ப, இப்படி வர்க்கப்படுத்திட்டே போற வழியைத்தான் விளக்கியிருக்கார். கடைசிப் பெருக்கல்தான் கொஞ்சம் பெருசு. பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால பெருக்கணும். பொறுமையாப் போட்டா ஒரு பக்கத்துல அடங்கிடும்.

அப்புறம் வகுத்துப் பார்க்க ஆரம்பிச்சேன். கடைசி இலக்கம் 5, அதனால 5-ஆல வகுபடும். இலக்கத்தை எல்லாம் கூட்டினா 87, அதனால 3-ஆல வகுபடும் (9-ஆல வகுபடாது). 7-ஆல வகுத்தா மீதி 1. 11-ஆல வகுத்தா மீதி 4. 13-ஆல வகுத்தா மீதி 2. 17? மீதி பூஜ்யம்! குஷியாகி மேல போனா 19, 23, 29, 31... எதுலயும் சரியா போகல. 251 வரைக்கும் ஒண்ணுகூட இல்ல. அப்புறம் திடீர்னு 257.

3, 5, 17, 257.

இந்த வரிசையைப் பார்த்ததும் உடம்பு சிலிர்க்கும். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கழிச்சுப் பாருங்க: 2, 4, 16, 256. இப்போதான் பெருக்கிட்டு வந்தோமே, அதே எண்கள்!

எப்படி இது? ஸ்கூல்ல எல்லாரும் மனப்பாடம் பண்ண சூத்திரம்தான். a² − b² = (a + b)(a − b). எங்க உபயோகப்படும்னு தெரியாம பரீட்சைக்குப் படிச்சோமே, அது இங்க வந்து நிக்குது.

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

வலது பக்கம் இருக்கிற 2³² − 1 மறுபடியும் அதே மாதிரி: (2¹⁶ + 1)(2¹⁶ − 1). அது மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கழண்டு விழும், மிச்சம் அதே மாதிரி இன்னும் சின்னதா நிக்கும். கடைசி வரைக்கும் போனா:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஆறு துண்டு. முதல் அஞ்சும் பகா எண்கள், உடையாது. அப்போ ஆறாவது?

இந்தக் கேள்விக்குப் பதில் வர்றதுக்கு தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

பிரான்ஸ்ல ஃபெர்மான்னு ஒரு வக்கீல். பொழுதுபோக்குக்குக் கணிதம் பண்ணவர், ஆனா அந்தக் காலத்துப் பெரிய கணிதக்காரங்கள்ல ஒருத்தர். 1640-ல, 2-ஐ இப்படி வர்க்கப்படுத்திட்டே போய் ஒண்ணு கூட்டினா வர்ற எண்கள் எல்லாமே பகா எண்கள்தான்னு தான் நம்பறதாக் கடிதத்துல எழுதினார். நிரூபணம் தன்கிட்ட இல்லைங்கறதையும் சொன்னார். 3, 5, 17, 257, 65537 வரைக்கும் சரியா வருதே, அதுக்கு மேலயும் வரும்னு நினைச்சார். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க.

1729 டிசம்பர்ல கோல்ட்பாக்ங்கற கணிதக்காரர், அப்போ இளைஞரா இருந்த இன்னொரு கணிதக்காரர் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதறார். அதுல பின்குறிப்பா ஒரு கேள்வி: ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்காரே, உங்களுக்குத் தெரியுமா? ஆய்லர் முதல்ல பெருசா ஆர்வம் காட்டல. ஆனா விஷயம் மனசுல ஒட்டிக்கிச்சு. 1732-ல பதில் சொன்னார்: 4294967297 பகா எண் இல்ல. 641-ஆல வகுபடுது.

4294967297 = 641 × 6700417

(பெருக்கிப் பாருங்க. நான் பெருக்கினேன். சரியா வருது, அவ்வளவு திருப்தியா இருக்கு.)

641-ஐ எப்படிப் பிடிச்சார்? ஒவ்வொரு எண்ணா வகுத்துட்டே வந்தா நூத்துக்கும் மேல பகா எண்களைத் தாண்டணும். ஆய்லர் பின்னால எழுதின கட்டுரையில காரணத்தை விளக்கறார்: இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தா, அது 64-ஓட மடங்குல ஒண்ணு கூடுதலா மட்டும்தான் இருக்க முடியும். 65, 129, 193, 257... இப்படி. இதுல பகா எண்களை மட்டும் எடுத்தா 193, 257, 449, 577, 641. அஞ்சாவது ஆளே குற்றவாளி! எங்க தேடணும்னு தெரிஞ்சுக்கறதுதான் பாதி கணிதம். வேகமா வகுக்கறது அதுக்கு அப்புறம்தான்.

இன்னொரு வழி இருக்கு. பின்னாடி வந்தவங்க கண்டுபிடிச்ச குறுக்கு வழி. இதுல ஒரு வகுத்தல்கூட இல்ல. எனக்குத் தெரிஞ்ச நிரூபணங்கள்லயே இவ்வளவு சின்னதா, இவ்வளவு அழகா இருக்கறது ரொம்பக் கம்மி. பொறுமையாப் படிங்க.

641 = 5 × 128 + 1. அதாவது 5 × 2⁷ + 1.
641 = 625 + 16. அதாவது 5⁴ + 2⁴.

முதல் வரி என்ன சொல்லுது? 641-ஆல வகுத்தா வர்ற மீதியைப் பொறுத்த வரைக்கும் 5 × 2⁷-ங்கறதும் −1-ங்கறதும் ஒண்ணுதான்.
ரெண்டு பக்கமும் நாலாம் அடுக்கு எடுங்க. 5⁴ × 2²⁸-ங்கறதும் 1-ங்கறதும் ஒண்ணு.
ரெண்டாவது வரி சொல்லுது: 5⁴-க்குப் பதிலா −2⁴ போட்டுக்கலாம்.
போட்டா, −2³²-ங்கறதும் 1-ங்கறதும் ஒண்ணு.
அப்போ 2³² + 1-ஐ 641-ஆல வகுத்தா மீதி பூஜ்யம்.

முடிஞ்சது! பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்ல. முதல் தடவை இதைப் படிச்சப்ப, பேப்பரைக் கீழே வச்சுட்டு வீட்ல யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு எழுந்து போனேன்.

ஆக, நம்ம அரிசி எண்ணோட முழு உடைப்பு இது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள். எதுவும் ரெண்டு தடவை வரல. அதனால இதுக்கு மொத்தம் 2⁷, அதாவது 128 காரணிகள். ஞானிக்கு அரிசி முழுசும் கிடைச்சிருந்தா, 17 பேருக்கோ 641 பேருக்கோ ஒரு மணி மிச்சமில்லாம சமமாப் பிரிச்சுக் கொடுத்திருக்கலாம். ரெண்டு பேருக்கு மட்டும் முடியாது.

இப்போ பலகையைப் பாதியா வெட்டுங்க. முதல் 32 கட்டத்துல இருக்கிற அரிசி 2³² − 1 = 4294967295. இதுல ஃபெர்மாவோட அஞ்சு பகா எண்கள் மட்டும்தான் இருக்கு: 3 × 5 × 17 × 257 × 65537. கலப்படமே இல்ல.

இந்தப் பாதி எண்ணுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. காம்பஸும், அளவு குறிக்காத ஸ்கேலும் மட்டும் வச்சுக்கிட்டு எந்தெந்த ஒழுங்கு பலகோணத்தை வரையலாம்? முக்கோணம், அஞ்சு பக்கம், பதினஞ்சு பக்கம்லாம் கிரேக்கர்களுக்கே தெரியும். ரெண்டாயிரம் வருஷம் அங்கேயே நின்னுச்சு. 1796 மார்ச் 30, காஸ்ங்கற ஜெர்மன் இளைஞருக்கு 19 வயசு முடிய இன்னும் சரியா ஒரு மாசம். 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியும்னு கண்டுபிடிச்சார். அப்புறம் 1801-ல வந்த தன் புத்தகத்துல பொது விதியையே சொன்னார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையா இருந்தா, அது வெவ்வேற ஃபெர்மா பகா எண்களோட பெருக்கற்பலனா இருக்கணும். வேற எதுவும் முடியாதுங்கற பாதியை 1837-ல வான்ட்ஸெல்ங்கறவர் நிரூபிச்சார்.

தெரிஞ்ச ஃபெர்மா பகா எண்கள் அந்த அஞ்சுதான். அப்படின்னா, வரைய முடியும்னு நமக்குத் தெரிஞ்ச ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்கள்லயே பெருசுக்கு எத்தனை பக்கம்? அஞ்சையும் பெருக்குங்க. 4294967295. அரைப் பலகை அரிசி!

(65537 பக்கத்துக்கான வழிமுறையை ஹெர்மஸ்னு ஒரு ஜெர்மானியர் பத்து வருஷம் உக்காந்து எழுதி 1894-ல முடிச்சார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல இருக்கு. அவரை நினைச்சா எனக்கு ரொம்ப மரியாதை வருது.)

முழுப் பலகை எண்ணுக்கு அந்தப் பெருமை கிடையாது. 641-ம் 6700417-ம் உள்ளே வந்து கெடுத்துடுச்சு.

இதே முழுப் பலகை எண் வேற ஒரு கதையிலயும் வரும். ஹானோய் கோபுரம் விளையாடியிருப்பீங்க. 1883-ல எத்வார் லூக்காங்கற கணிதக்காரர் அந்த பொம்மையை வெளியிட்டப்ப, காசியில ஒரு கோயில்ல 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிங்க மாத்திட்டே இருக்காங்கன்னு ஒரு கதையும் சேர்ந்து வந்துச்சு. 64 தட்டுக்குக் குறைஞ்சது 2⁶⁴ − 1 நகர்த்தல் வேணும். நொடிக்கு ஒண்ணுன்னா 58,454 கோடி வருஷம். கதை கற்பனை, கணக்கு நிஜம்.

"இந்த எண்ணை ஏழாப் பிரிச்சு என்னங்க பிரயோஜனம்?"னு யாராவது கேப்பீங்க. கேக்கணும்.

கம்ப்யூட்டர் விளையாட்டுல பகடை உருட்டறது, சீட்டு கலைக்கிறது எல்லாம் நடக்கணும்னா எந்த ஒழுங்குலயும் அடங்காத மாதிரி எண்களைத் தயாரிக்கணும். 2003-ல ஜார்ஜ் மார்சாக்லியாங்கற கணிதக்காரர் ரொம்ப எளிமையான ஒரு முறை சொன்னார். 64 பிட் எண் ஒண்ணை எடு, அதை இடதுபக்கம் வலதுபக்கம் நகர்த்தி அதோடயே எக்ஸார் பண்ணு (ரெண்டு பிட்டும் வேற வேறயா இருந்தா 1, இல்லன்னா 0), புது எண் ரெடி. திரும்பத் திரும்பப் பண்ணு. பூஜ்யத்துல ஆரம்பிச்சா பூஜ்யத்துலயே நிக்கும், அதனால அதை விட்டுடணும். மிச்சம் இருக்கிற எண்கள் எத்தனை? 2⁶⁴ − 1. நம்ம ஆள்!

ஆரம்பிச்ச எண்ணுக்கே திரும்பி வர்றதுக்குள்ள அத்தனை எண்ணையும் ஒரு சுத்து தொட்டுட்டு வருதா, இல்ல நடுவுலயே குட்டையான சுத்துல மாட்டிக்குதா? ஓட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னா, நொடிக்கு நூறு கோடி தடவை ஓட்டினாலும் 584 வருஷம் ஆகும்.

ஓட்ட வேண்டாம். 2⁶⁴ − 1 அடி எடுத்து வச்சா எந்த எண்ணும் தன் இடத்துக்கே திரும்புதான்னு முதல்ல பார்க்கணும் (வர்க்கப்படுத்தற அதே தந்திரத்துல இது ஒரு நொடி வேலை). திரும்பினா, சுத்தோட நீளம் கண்டிப்பா இந்த எண்ணோட ஒரு காரணியா இருக்கும். குட்டையான சுத்தா இருந்தா, முழு நீளத்தை 3-ஆலயோ 5-ஆலயோ 17-ஆலயோ, அந்த ஏழுல ஏதோ ஒண்ணால வகுத்த தூரத்துலயே திரும்பியிருக்கணும். அப்படி ஏழே ஏழு இடத்துல பார்த்தா போதும். ஏழுலயும் திரும்பலன்னா முழுச் சுத்துதான். 584 வருஷ வேலை கண்மூடித் திறக்கறதுக்குள்ள முடியுது, அதுக்கு ஆய்லரோட 641-ம் வேணும்!

கடைசியா, பக்கத்து வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லாம விட மனசில்ல. 2⁶⁴-ல ஒண்ணு கழிக்காம ஒண்ணு கூட்டினா 18446744073709551617. ஃபெர்மா வரிசையில அடுத்தது இதுதான். நம்ம எண்ணைவிட சரியா ரெண்டு கூடுதல். நம்ம எண்ணுக்குள்ள இருக்கிற ஏழு பேர்ல யாரும் இதை வகுக்க முடியாது (வகுத்தா அந்த ரெண்டையும் வகுத்தாகணும், அவங்க எல்லாருமே ஒற்றைப்படை). அதனால இதுக்குள்ள புதுசா யாரோ இருந்தே ஆகணும். வரிசையில ஒவ்வொரு படி ஏறும்போதும் இப்படியே புது பகா எண் வந்தே தீரும்ங்கறதால, பகா எண்களுக்கு முடிவே இல்லைங்கறதும் நிரூபணம் ஆயிடுது. இந்த நிரூபணத்தை 1730-ல ஆய்லருக்கு எழுதினவர் அதே கோல்ட்பாக்.

அந்தப் புது ஆட்கள் யாருன்னு 1855-ல கிளாவ்சன்ங்கறவர், காஸுக்கு எழுதின கடிதத்துல சொன்னார்: 274177 × 67280421310721. அந்தக் கடிதம் வெளியே தெரியாமலே போச்சு. 1880-ல லாந்த்ரிங்கறவர் தன் 82-ஆவது வயசுல, அது தெரியாமலே தனியா உக்காந்து அதே விடையைக் கண்டுபிடிச்சார். கால்குலேட்டர் இல்லாத காலம்ங்க!

அதுக்கப்புறம் வர்ற ஃபெர்மா எண்கள்ல இதுவரைக்கும் ஒண்ணுகூட பகா எண்ணாக் கிடைக்கல. 2-ஓட அடுக்குல 2³² இருக்கிற வரைக்கும் எல்லாமே பகு எண்தான்னு தீர்மானம் ஆயிடுச்சு. அதுக்கு அடுத்தது, அடுக்குல 2³³ இருக்கறது, அதுக்கு மட்டும் 258 கோடிக்கும் மேல இலக்கம். அது பகா எண்ணா இல்லையான்னு இன்னும் யாரும் முடிவு பண்ணல. ஒருவேளை பகா எண்ணா இருந்துட்டா, காம்பஸ்-ஸ்கேல் பட்டியல்ல 4294967295-க்கு மேல புது ஒற்றைப்படை எண்கள் சேரும்.